சீதன வீடும் இழுவைப் பாதையும்

கிண்ணியாவில் கல்யாணப் பேச்சு தொடங்கினால், பெண்ணைப் பற்றி விசாரித்து முடிவதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: "வீடு எங்க?" எத்தனை அறை, தரைக்கு டைல்ஸா சீமெந்தா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. முதலில் இடம் தெரிய வேண்டும். துறையடிப் பக்கமா, பெரியகிண்ணியாவா, குறிஞ்சாக்கேணியா, இன்னும் உள்ளே சூரங்கல் வரை போக வேண்டுமா? கேட்பவர்கள் மாப்பிள்ளை வீட்டார். அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு. நிக்காஹ் முடிந்ததும் அந்த வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப்போவது அவர்களுடைய மகன்தான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். அங்கே 'வீட்டோட மாப்பிள்ளை' என்பது சினிமாவில் சிரிப்பு மூட்டும் பாத்திரம். இலங்கையின் கிழக்குக் கரையில் அதுதான் ஒழுங்கு. முஸ்லிம்களிடமும் பரவலாகத் தமிழர்களிடமும் வீடு பெண்ணுக்கு. ஆண் வந்து சேர்பவன். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 1970ஆம் ஆண்டை ஒட்டி அக்கரைப்பற்றில் தங்கிப் படித்து, பிறகு வாழ்நாள் முழுக்க எழுதியதில் பெரும்பகுதி இந்தத் தாய்வழி வீட்டைச் சுற்றித்தான். தமிழ்நாட்டிலேயே தேடினால் காயல்பட்டினத்து முஸ்லிம்களிடம் இதே வழக்கத்தைக் காணலாம். கடலோரத்து வியாபாரிகள் மாதக்கணக்கில் வெளியே போய்விடுகிற ஊரில், தாயும் மகள்களும் ஒரே இடத்தில் இருப்பதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்திருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். வெளியூரில் கிண்ணியா என்றதும், "வெந்நீர்க் கிணறு இருக்கே, அந்த ஊரா?" என்பார்கள். அது கன்னியா, திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் போகும் பக்கம், ஏழு கிணறுகள். இது கிண்ணியா. துறைமுகத்துக்குத் தெற்கே, ஒரு பக்கம் கொட்டியாரக் குடாவும் மறுபக்கம் தம்பலகாமக் குடாவும் அணைத்த நிலம். பிரதேச செயலாளர் பிரிவில் 2012 கணக்கெடுப்பின்படி 60,000 பேருக்கு மேல். மிகப் பெரும்பான்மை முஸ்லிம்கள். ஆலங்கேணி, ஈச்சந்தீவு போன்ற தமிழ்க் கிராமங்களும் பக்கத்திலேயே. மீன், நெல், மாடு, தயிர், மகாவலி மணல், வெளிநாட்டுக் காசு ஆகியவற்றில்தான் ஊர் ஓடுகிறது. வெந்நீர்க் கிணறு இல்லை. ஆனால் இங்குள்ள கிணறுகளுக்கும் ஒரு கதை உண்டு, அதற்கு வருகிறேன்.

ஒரு வளவை எடுத்துக்கொள்வோம். கால் ஏக்கர். இலங்கைக் கணக்கில் ஒரு ஏக்கர் 160 பேர்ச், ஆகவே இது 40 பேர்ச். ஒரு காலத்தில் நடுவே ஒரு வீடு, பின்னால் கிணறு, இன்னும் பின்னால் கக்கூஸ், சுற்றிவரத் தென்னை, கிடுகு வேலி, முன்னால் படலை. அந்த வீட்டில் நான்கு பெண்பிள்ளைகள் பிறக்கிறார்கள். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆனதும் தாய்வீடு அவளுக்கு. பெற்றோர் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டு இளையவர்களோடு ஒதுங்குகிறார்கள். அடுத்தவளின் முறை வரும்போது அந்தக் கொட்டில் கல்வீடாகிறது. பெற்றோர் மறுபடியும் நகர்கிறார்கள். நான்காவது மகளுக்கும் கொடுத்து முடிக்கும்போது அந்த வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சொந்தமாக ஒரு முற்றம்கூட மிஞ்சாது. கடைசி மகளின் வீட்டு முன் விறாந்தையில் ஒரு கட்டில் கிடைக்கும். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. கடமை முடிந்த நிம்மதியோடு அந்தக் கட்டிலில் படுப்பார்கள்.

இப்போது ஆளுக்குப் பத்துப் பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடி சொச்சம். பத்துப் பேர்ச்சைச் சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு 52 அடி. அதிலும் ஒழுங்கைக்குக் கொஞ்சம் போகும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும் என்பது பழைய சுகாதாரக் கணக்கு. கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்தால் எழுபது அடிக்கு மேல் தேறும், சரிதான். ஆனால் அந்த எதிர்மூலைக்கு அப்பால் தொடங்குவது ராத்தாவின், அதாவது அக்காவின், வளவு. அவளுடைய கிணறு எங்கே இருக்கிறது? மதிலுக்கு அந்தப் பக்கம், பத்தடியில். நான்கு சகோதரிகளும் தங்கள் தங்கள் வளவுக்குள் விதியை மீறாமல் இருக்கலாம். நால்வருக்கும் நிலத்தடி நீர் ஒன்றுதான். மணல் பாங்கான, கடல் மட்டத்துக்குக் கிட்டிய தரை; வாடைக்காற்று மழையில் நீர்மட்டம் கையெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். குழியில் உள்ளதும் கிணற்றில் உள்ளதும் அப்போது மிகவும் நெருங்கிவிடுகின்றன.

அடுத்த தலைமுறையில் இந்தப் பத்தும் பிளக்கும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொது விதியில் வீட்டுக்கான ஆகக்குறைந்த துண்டு 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச். பத்தை இரண்டாக்கினால் விதிக்குக் கீழே போய்விடும். அதனால்தான் கிண்ணியாவின் ஒழுங்கைகளில் நடந்தால் பிளாட் கூரைகளுக்கு மேலே துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெளியூர்க்காரர் அதை வேலை முடியாத வீடு என்று நினைப்பார். அது முடிந்த வீடுதான். மேல்தட்டு மட்டும் இன்னும் பாலர் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு சிறுமிக்காகக் காத்திருக்கிறது.

வசதி என்று விளம்பரக்காரர்கள் எழுதும் பட்டியலில் வராத ஒரு வசதி இந்த வளவுகளில் உண்டு. வேலி இருந்த காலத்தில் சகோதரிகளின் வளவுகளுக்கு இடையில் ஒரு கடப்பு விட்டிருப்பார்கள். வேலி மதிலான பிறகும் பல வீடுகளில் ஒரு ஆள் நுழையும் அளவு இடைவெளியை விட்டுத்தான் கல் வைத்திருக்கிறார்கள். தெருவுக்கு வராமலே உம்மா வீட்டுக்கும் ராத்தா வீட்டுக்கும் போய்வரலாம். புட்டு அந்த வழியாகப் போகும், மீன்ஆணம் அந்த வழியாக வரும். வேலைக்குப் போகிற ரீச்சர் தன் கைப்பிள்ளையைக் காலையில் அந்த இடைவெளி வழியாகத்தான் நீட்டுகிறாள். கொழும்பில் பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்கு மாதம் ஒரு தொகை கட்டுகிறவர்கள் இந்த இடைவெளியின் பெறுமதியைச் சொல்வார்கள். கணவன் கையை ஓங்கினால் கேட்கும் தூரத்தில் மூன்று சமையலறைகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பெறுமதியைப் போட வேண்டும்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. அந்த வீட்டைக் கட்டுவது யார்? வாப்பா மீன்பிடிக்கிறார், அல்லது வயல் செய்கிறார். காக்கா, அதாவது அண்ணன், கட்டார் போகிறான். இரண்டு தங்கைகளின் வீடு எழும்பும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிறான். பிறகு அவனும் ஒரு பெண்ணின் வீட்டில் போய்க் குடியேறுகிறான். அதைக் கட்ட அந்தப் பெண்ணின் காக்கா எங்கேயோ வெயிலில் நின்றிருப்பான். சில வீடுகளில் காக்கா இல்லை. அப்போது பெண்ணே போகிறாள். பக்கத்து மூதூரின் ரிசானா நபீக் 2005இல் சவூதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனபோது வயது 17, கடவுச்சீட்டில் 23. பராமரிப்பில் இருந்த குழந்தையின் மரணத்துக்கு அவரைக் குற்றவாளியாக்கி, 2013 ஜனவரி 9ஆம் திகதி தலையை வெட்டினார்கள். குடும்பத்தின் வறுமையே அவரை விமானம் ஏற்றியது. இந்தப் பக்கத்தில் சீமெந்து மூட்டை ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் வெளிநாட்டுக் கணக்கு உண்டு.

மாப்பிள்ளைக்குக் கையில் கொடுக்கும் காசைக் கைக்கூலி என்பார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதை ஒழிக்கவில்லை. பெண் திரும்பக் கேட்க வழி வைத்தது. கைக்கூலிக்கு எதிராகப் பள்ளிவாசல்களில் பயான் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்று இருக்கிறது. பலர் உண்மையிலேயே காசு வாங்குவதில்லை. மஹர் கொடுத்து முடிக்கிறார்கள். வீடு மட்டும் பேச்சில் வராமலே பேச்சில் இருக்கிறது. "ஒண்டும் வேணாம், புள்ள இருக்க ஒரு இடம் இருந்தாப் போதும்." இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதினைந்து வருட உழைப்பு விலை. ஆனாலும் வீட்டையும் கைக்கூலியையும் ஒரே தராசில் வைத்துத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காசு மாப்பிள்ளையோடு போய்விடும். வீடு பெண்ணின் காலடியில் நிற்கும், உறுதி அவள் பேரில் இருந்தால்.

அந்த 'இருந்தால்' எவ்வளவு பெரியது என்று 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு தெரிந்தது. ஆழிப்பேரலை கிண்ணியாவின் கரையோரத்தை வழித்துப் போட்டது. கடலோரத்தில் இருந்த ஆஸ்பத்திரியும் போயிற்று. காயப்பட்டவர்கள் ஓடிப்போக வேண்டிய கட்டடமே இல்லாமற்போன ஊர் இது. அரசாங்கம் கரையிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்று ஒரு கோடு போட்டு, அதற்குள் வீடு கட்டக் கூடாது என்றது. ஒரே அலைக்கு இரண்டு அளவுகோல் ஏன் என்று கிழக்கில் கேட்டார்கள். பிறகு அந்தக் கோடு தளர்த்தப்பட்டது. முழுதாக அழிந்த வீட்டுக்கு உதவியாக 250,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 100,000. புதிய குடியிருப்புகளில் 500 சதுர அடி வீடுகள்.

அந்த உதவிக்கான படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பழக்கத்தில் ஆணின் பேரை அதில் எழுதினார்கள். அலை அடித்துக்கொண்டுபோன வீடு மனைவியின் தாய் கொடுத்தது. திரும்பி வந்த வீட்டின் பத்திரத்தில் கணவனின் பேர். தலைமுறை தலைமுறையாகப் பெண்வழியில் போன சொத்து, ஒரு எழுதுவினைஞரின் பேனா நுனியில் திசை மாறியது. கொடுத்தவர்களிடம் கெட்ட நோக்கம் இருந்ததாக நான் சொல்லவில்லை. இந்தக் கரையில் வீடு என்றால் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். மெக்கில்வ்ரேயும் வேறு ஆய்வாளர்களும் இதைப் பிற்பாடு எழுதினார்கள். அரசுக் காணிக்கான பெர்மிட்டிலும் இதே நோய் பழையது. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு அட்டவணை ஆணையே முன்னால் நிறுத்தியது. அதைத் திருத்த 2022 வரை எடுத்தது.

இதுவரை பேசியது மதிலுக்கு உள்ளே. உள்ளே கிண்ணியாக்காரர் தாமே பார்த்துக்கொள்வார். கடன்பட்டாவது, கடல் கடந்தாவது. மதிலைத் தாண்டியதும் கதை வேறு. ஒரு குடும்பம் எவ்வளவு உழைத்தாலும் தன் காசில் கட்ட முடியாதவை அங்கே இருக்கின்றன: பாலம், ஆஸ்பத்திரி, வடிகால், குழாய்த் தண்ணீர். அவை இந்த ஊருக்கு வந்த வரிசையைப் பார்த்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு துயரத்துக்குப் பிந்தித்தான் வந்திருக்கின்றன.

கிழக்கில் 'பாதை' என்றால் றோட்டு மட்டுமல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் தட்டையான மிதவைக்கும் அதுதான் பேர். திருகோணமலைக்கும் கிண்ணியாவுக்கும் தரைவழித் தூரம் இருபது கிலோமீற்றர் அளவுதான். ஆனால் நடுவில் பாதை இருந்தது. துறையடியில் வரிசை நிற்கும். லொறியும் பஸ்ஸும் ஏறும், சைக்கிள்கள் இடுக்கில் ஏறும், மீன் பெட்டியில் ஐஸ் உருகும். காற்று எழும்பினால் காத்திருக்க வேண்டும். மட்டக்களப்பு வரை போகிற அந்தக் கரையோர வீதியில் இது ஒன்றல்ல; உப்பாறு, கங்கை, இறால்குழி என்று அடுத்தடுத்துப் பாதைகள். நகரத்துக்குக் கிட்ட இருந்த ஊரைக் காட்டுக்குள் இருக்கும் ஊர்போல் ஆக்கியது இந்த நீர்தான். இரவில் வலி கண்ட கர்ப்பிணிக்கு 'அக்கரையில் பெரியாஸ்பத்திரி' என்பதில் என்ன ஆறுதல்?

2009 ஒக்டோபர் 20ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அன்றைக்கு இலங்கையில் ஆக நீளமான பாலம். சவூதி அபிவிருத்தி நிதியத்தின் உதவியில் கட்டியது. பிள்ளைகள் போய் உழைத்துக் காசனுப்பும் தேசத்தின் பணம், இம்முறை மதிலுக்கு வெளியே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். அடுத்த சில ஆண்டுகளில் தெற்கே இருந்த மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. பாலத்தில் மாலை நேரத்தில் நின்று பாருங்கள். குடும்பம் குடும்பமாகக் காற்று வாங்க வந்திருப்பார்கள். கடலை விற்பவர், தூண்டில் போடும் பையன்கள், அந்தி வெளிச்சத்தில் அக்கரைச் சீனன்குடா. ஊருக்குப் பூங்கா என்று தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. "வீடு எங்க?" என்ற கேள்விக்கான கணக்கும் மாறியது. எந்தப் பாதை எத்தனை மணிக்கு என்று கேட்டவர்கள் பாலத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

குறிஞ்சாக்கேணியில் மட்டும் அந்தக் கணக்கு பிழைத்தது. அது ஊருக்கு உள்ளேயே இருக்கும் கடவை. பெரிய குடா அல்ல, ஒடுங்கிய நீர். பழைய பாலம் பழுதாகி, அதை அகற்றிவிட்டு 2021இல் புதியதைக் கட்டத் தொடங்கினார்கள். பாலம் முடியும்வரை அக்கரைப் பிள்ளைகள் பாடசாலைக்கு எப்படி வருவது? கிண்ணியாப் பாலம் வந்து பன்னிரண்டு வருடம் கழிந்த ஊரில் மறுபடியும் இழுவைப் பாதை வந்தது. நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை, பாடசாலை நேரம். பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் போனார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். சீருடையோடு.

அந்தப் பாதைக்கு அனுமதி யார் கொடுத்தது, யார் கண்டும் காணாமல் விட்டது என்று சில நாட்கள் நாடே பேசியது. கொதித்துப்போன மக்கள் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வீட்டைத் தாக்கினார்கள். பிறகு 2022 வந்தது. நாட்டின் கஜானா காலியானது, டொலர் இல்லை, பெற்றோல் வரிசை. பாலத்தின் வேலை இழுபட்டுக்கொண்டே போனது. அக்கரையில் ஒரு சீதன வீட்டைக் கட்டி முடித்திருந்த வாப்பாவை நினைத்துப் பார்க்கிறேன். டைல்ஸ் போட்டாயிற்று, கேட் பூட்டியாயிற்று, மோட்டர் வைத்து மேலே தாங்கி ஏற்றியாயிற்று. இனி அவர் கையில் எதுவும் இல்லை.

கிணற்றுக் கதைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். 2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு பிடித்தது. இலங்கையில் அந்த ஆண்டு முழுவதும் 186,000 பேருக்கு டெங்கு என்று பதிவானது. அதன் முதல் பெரிய அலை அடித்த இடங்களில் ஒன்று இந்த ஊர். பாடசாலைகளை மூடினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நோயாளிகளைத் தரையில் படுக்க வைத்தார்கள். சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கொழும்பிலிருந்து வந்த குழுக்கள் வீடு வீடாகப் புகுந்து பார்த்தபோது தெரிந்தது, நுளம்பு தேடிப்போனது சாக்கடையை அல்ல என்று. ஈடிஸ் நுளம்பு சுத்தமான, அசையாத நீரைத்தான் விரும்பும். குழாய்த் தண்ணீர் நாள் முழுக்க வராத ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சீமெந்துத் தொட்டி இருக்கும். குழாய் வந்த பிறகு பாவிக்காமல் விட்ட கிணறு இருக்கும். மூடாத கிணறு, மூடாத தொட்டி. நான்காகப் பிரிந்த வளவில் நான்கு கிணறு.

வடக்கிலும் கிழக்கிலும் கிணறும் தொட்டியும் டெங்குக்குத் தொட்டில் என்பது சுகாதாரத் துறைக்குப் புதிய செய்தியல்ல. கிணற்றுக்குள் கப்பி மீனை விடுங்கள், வலை போட்டு மூடுங்கள் என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு வீட்டுக்காரி மட்டும் மூடிப் பயனில்லை. நுளம்புக்கு மதில் தெரியாது. பக்கத்து வளவு ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தால்? உரிமைக்காரி கணவனோடு கட்டாரில் இருக்கிறாள். கேட்டில் பூட்டு, கிணற்றில் நீர். பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம். வெளிநாட்டுக் காசு கட்டிய வீடு, வெளிநாட்டுக்குப் போய்விட்ட குடும்பம், நடுவில் ஒரு திறந்த கிணறு. கிண்ணியாவில் இப்படி எத்தனை பூட்டிய கேட் என்று ஒருநாள் யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

கிண்ணியாவில் வீடு பார்க்கப் போகிறவர்கள் பெருநாள் விடுமுறையில் போவார்கள். ஊர் அப்போது அழகாக இருக்கும். மதில்களுக்குப் புதுப் பெயின்ட், ஒழுங்கையில் பிள்ளைகள், கடற்கரையில் ஐஸ்கிறீம் வண்டி. என்னைக் கேட்டால் நவம்பரில் போகச் சொல்வேன். மழை நான்கு நாள் விடாமல் அடித்து ஐந்தாம் நாள் கொஞ்சம் வெளித்திருக்க வேண்டும். காலையில் பாண் கொண்டுவரும் ஓட்டோவின் சங்கீதம் கேட்கும். எந்த ஒழுங்கை வரைக்கும் அது வருகிறது, எங்கே தண்ணீரைக் கண்டு திரும்புகிறது என்று பாருங்கள். கிணற்றை எட்டிப் பாருங்கள். வாளிக் கயிறு எத்தனை முழம் இறங்குகிறது? வீட்டுக்காரியிடம் குழாய் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். பின் மதிலில் கடப்பு இருக்கிறதா, அதற்கு அந்தப் பக்கம் யார்? பிறகு பாடசாலை தொடங்கும் நேரத்துக்குக் குறிஞ்சாக்கேணிப் பக்கம் போங்கள். மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகப் பிள்ளைகளை ஏற்றிய வாப்பாமார் தண்ணீர் ஓரத்தில் வேகத்தைக் குறைப்பார்கள். பின்னால் இருக்கும் மூத்தவள் தம்பியின் புத்தகப் பையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருப்பாள்.